உறுமுகிற நாயும் நன்றி கேட்கிற மனிதரும்

“சோறு போட்ட கையைப் பார்த்தே உறுமுகிறது. நன்றி கெட்ட நாய்!”

கலஹாவில் இந்தத் தீர்ப்பைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதம் கழிவதில்லை. தேநீர்க்கடை வாங்கிலும் கேட்டிருக்கிறேன், கோயில் படிக்கட்டிலும் கேட்டிருக்கிறேன். தமிழில் மட்டுமல்ல, சிங்களத்திலும் இதே தீர்ப்புத்தான். வேறு எத்தனையோ விடயங்களில் ஒத்துப்போகாத நம்முடைய இரு சமூகங்களும் நாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் மட்டும் பூரண ஒற்றுமையுடன் இருக்கின்றன.

தீர்ப்பைச் சொல்பவர் பெரும்பாலும் கெட்ட மனிதர் அல்லர். நாய்க்குத் தினமும் சோறு வைப்பவர். குட்டியாக அதை மடியில் வைத்திருந்தவர். ஆனால் தீர்ப்பை அடுத்து வரும் தண்டனைகளைப் பாருங்கள். முதலாவது உதை. இரண்டாவது சங்கிலி. இரண்டுக்கும் மசியாவிட்டால் மூன்றாவது, சாக்கு. இருட்டிய பிறகு முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தெல்தோட்டைப் பக்கத் தேயிலை மலையிலோ, ஏதேனும் ஒரு விகாரை வாசலிலோ, சந்தைக் கழிவு குவியும் இடத்திலோ அவிழ்த்துவிட்டுத் திரும்புவது. கொல்லவில்லை என்பதால் பாவமும் இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது.

இந்தத் தீர்ப்பு பிழையானது, இந்தத் தண்டனைகள் மூடத்தனமானவை, அந்த மூடத்தனத்தின் விலையை நாய் மட்டுமன்றி வீட்டுக் குழந்தைகளும் கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். நாய்ப்பிரியர்களை மகிழ்விப்பதற்காக இதை நான் எழுதவில்லை. நாயைப் பிடிக்காதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடாகச் செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்றே பெயர். அங்கு படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வீதி ஹிந்தகலையைத் தாண்டி மலையேறி வந்து சேரும் சிறு நகரமே கலஹா. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் முதன்முதலாக வர்த்தக ரீதியில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இந்த மலைத்தொடரிலேயே இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள், லயங்கள், சிறு வீடுகள். ஏறத்தாழ ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாய். சாதி கேட்டால் ‘நாட்டு நாய்’ என்பார்கள். பெயர் டைகர், ஜிம்மி, டொமி ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

அப்படியொரு டைகரின் கதையை முதலில் சொல்கிறேன். கற்பிதக் கதையல்ல, எனக்குத் தெரிந்த வீடு. பெயர் வேண்டாம்.

ஐந்து ஆண்டுகள் அந்த வீட்டில் வளர்ந்த நாய். கட்டாரில் வேலை செய்துவிட்டு மூத்த மகன் திரும்பி வந்திருந்தார். அவர் வந்து சில வாரங்களில் நாய் உறுமத் தொடங்கியது. முதலில் அவரைப் பார்த்து, பிறகு தாயாரைப் பார்த்தும். மகனுக்குக் கோபம். “நம்ம வீட்டுல நம்மளையே மொறைக்குது” என்று காலால் உதைத்தார். உறுமும் ஒவ்வொரு முறையும் உதைத்தார். பத்துப் பன்னிரண்டு நாட்களில் உறுமல் நின்றது. வீட்டாருக்குப் பரம திருப்தி. “பாத்தீங்களாண்ணே, ரெண்டு போட்டா எல்லாம் சரியாயிரும்” என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் அந்த நாய் ஒரு சத்தமும் இல்லாமல் எட்டு வயதுப் பேத்தியின் கையைக் கடித்தது.

அன்றிரவே நாய் சாக்கில் போனது. மறுநாள் வைத்தியசாலையில் முதலாவதாகக் கேட்ட கேள்வி, “நாய் எங்கே? கட்டி வைத்துப் பார்க்க முடியுமா?” என்பது. நாய் இல்லை. ஆகவே அது விசர் பிடித்த நாயாக இருந்திருக்கலாம் என்றே கொள்ள வேண்டியதாயிற்று. குழந்தை ஊசிகள் அனைத்தையும் போட்டுக்கொண்டாள். வீடு முழுவதும் பல வாரங்கள் பயத்தில் உறங்கவில்லை. காயம் ஆறிவரும்போது அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னாள்: “மாமா, டைகருக்குக் காதுல சீழு. காதுகிட்ட கைய கொண்டுபோனாத்தான் உறுமும். நான் அப்பாயிகிட்ட எத்தனையோ தரம் சொன்னேன்.”

அந்த வீட்டில் உண்மையைச் சொன்னவர்கள் இருவர். ஒன்று நாய், மற்றது குழந்தை. இருவரையும் யாரும் கேட்கவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். உறுமல் என்பது என்ன?

உறுமல் ஒரு தாக்குதல் அல்ல. தாக்குதலைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு. கடிப்பது நாய்க்கும் ஆபத்தானது, கடித்தால் திருப்பிக் கடிபட நேரும். ஆகவே நாயினம் கடிக்கு முன்னால் நீண்டதொரு எச்சரிக்கை வரிசையை வைத்திருக்கிறது. பிரித்தானிய மிருக வைத்தியர் கெண்டல் ஷெப்பர்ட் அதை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் கொட்டாவி, கண்சிமிட்டல், மூக்கை நக்குதல். அடுத்துத் தலையைத் திருப்புதல், உடலைத் திருப்புதல், விலகி நடத்தல். அதற்கும் மேலே காதைப் பின்னுக்கு மடித்துப் பதுங்குதல், வாலைக் காலிடையில் செருகுதல், மல்லாந்து காலைத் தூக்குதல். பின்னர் உடல் விறைத்து வெறித்துப் பார்த்தல். அதற்குப் பிறகுதான் உறுமல். அதன்பின் காற்றில் ஒரு கவ்வல். கடைசிப் படியே கடி.

கவனியுங்கள். உறுமல் ஏணியின் முதற்படி அல்ல, உச்சிக்கு மிக அண்மையில் இருப்பது. நாய் உறுமும்போது அது ஏற்கெனவே பல விதங்களில் சொல்லி முடித்துவிட்டது. நாம் கொட்டாவியைத் தூக்கம் என்றோம். தலை திருப்பியதைத் திமிர் என்றோம். மல்லாந்ததைக் கொஞ்சல் என்று நினைத்து வயிற்றைத் தடவினோம். கடைசியில் அது எல்லோருக்கும் புரியும் மொழியில் வாய் திறந்தது. அதற்கு உதைத்தோம்.

உதைத்தால் என்ன நடக்கும்? உறுமல் நிற்கும், உண்மைதான். ஆனால் காதுவலி நிற்காது. அச்சமும் நிற்காது, கூடும். எச்சரித்தால் அடி விழும் என்ற ஒரே பாடத்தை நாய் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். தீ எச்சரிக்கை மணி காதைக் குடைகிறது என்று அதன் கம்பியை அறுத்துவிட்டு, வீட்டில் தீ அணைந்துவிட்டது என்று படுத்து உறங்குபவனை என்னவென்று சொல்வோம்? உறுமலை அடித்து அடக்கிவிட்டதாகப் பெருமைப்படும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் செய்வது இதுவே.

“அப்படியல்ல, நாய் வீட்டின் தலைவனாகப் பார்க்கிறது. நீதான் தலைவன் என்று காட்டாவிட்டால் தலையில் ஏறிவிடும்” என்று ஒரு வாதம் உண்டு. முன்பு இதை ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். இப்போது கைத்தொலைபேசிக் காணொளிகள் சொல்கின்றன. கலஹாப் பையன் ஒருவன் நாயை மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அழுத்திப் பிடித்து, “இதான் சார் முறை, அல்ஃபா” என்று எனக்கு விளக்கினான். அந்த ‘அல்ஃபா’ எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. வாசகர்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

1947இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் ஆய்வாளர் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைக்கப்பட்ட ஓநாய்களை அவதானித்து, அவை தலைமைக்காக ஓயாது மோதிக்கொள்வதாக எழுதினார். 1970இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் தமது ‘ஓநாய்’ என்னும் நூலில் அந்தக் கருத்தைப் பரப்பினார். பின்னர் அதே மெக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களுடன் பல கோடைகளைக் கழித்தார். அங்கே அவர் கண்டது சண்டைக் கூட்டத்தை அல்ல, ஒரு குடும்பத்தை. தாய், தந்தை, அவர்களுடைய பிள்ளைகள். பெற்றோர் வழிநடத்துகிறார்கள், பிள்ளைகள் பின்தொடர்கின்றன, அவ்வளவே. 1999இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். தம்முடைய பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பாளரைப் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். 2022இல்தான் அது நின்றது.

நாயை மல்லாக்கத் தள்ளும் வித்தையைப் பரப்பியவர்களுள் நியூயோர்க் மாநிலத்து நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் முக்கியமானவர்கள். 1978இல் வெளியான தமது புகழ்பெற்ற நாய் வளர்ப்பு நூலில் அதைப் பரிந்துரைத்தார்கள். 2002ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். 2004இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று அதே வித்தையை உலகம் முழுவதும் கொண்டுபோயிற்று. 2008இல் அமெரிக்காவின் விலங்கு நடத்தை மிருக வைத்தியர் சங்கம் அடக்கியாளும் கோட்பாட்டை நாய்ப் பயிற்சிக்கு அடிப்படையாகக் கொள்ளக்கூடாது என்று அறிக்கை வெளியிட்டது. எழுதியவர் திரும்பப் பெற்றார், பரப்பியவர் திரும்பப் பெற்றனர். கலஹாவுக்கு மட்டும் பழைய பதிப்பே இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

எண்ணிக்கை வேண்டுமென்பவர்களுக்கு எண்ணிக்கையும் உண்டு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு நடத்தைப் பிரச்சினைகளுக்காக நாய்களைக் கொண்டுவந்தவர்களிடம் மெகன் ஹெரனும் சகாக்களும் கேட்டறிந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. அடித்தல், உதைத்தல் ஆகியவற்றைக் கையாண்டவர்களுள் 43 வீதமானோருக்கு நாய் ஆக்ரோஷத்தையே பதிலாகக் கொடுத்தது. நாயைப் பார்த்துத் தாமும் உறுமியவர்களுக்கு 41 வீதம். வாயிலிருந்ததைப் பலவந்தமாகப் பிடுங்கியவர்களுக்கு 39 வீதம். மல்லாக்கத் தள்ளியவர்களுக்கு 31 வீதம். கண்ணுக்குக் கண் வெறித்துப் பார்த்தவர்களுக்கு 30 வீதம். நெருப்பை மண்ணெண்ணெய் ஊற்றி அணைக்க முயன்றவர்களின் கணக்கு இது.

சரி, வீட்டு நாய் வீட்டாரைப் பார்த்து ஏன் உறுமுகிறது? நம்முடைய வீடுகளையே எடுத்துக்கொள்வோம்.

முதற் காரணம் வலி. காதில் சீழ், பல்லில் சொத்தை, விரலிடுக்கில் உண்ணி, முதுமையில் மூட்டுவலி. மலையகத்து ஈரத்தில் காதுப் புண்ணுக்குக் குறைவில்லை. உண்ணிக் காய்ச்சல் இந்த நாட்டு நாய்களின் பொது நோய். நேற்றுவரை கொஞ்சிய நாய் இன்று தொட்டால் உறுமுகிறதென்றால், முதலில் தேட வேண்டியது குணக்கேட்டை அல்ல, புண்ணை.

இரண்டாவது காரணம் சோறு. உண்ணும்போது கிட்டப் போனால் உறுமுவது. இதற்கு ஆளுமை வெறி என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. பறிபோகுமோ என்ற பயம், அவ்வளவே. சட்டியைப் பலமுறை இழுத்து எடுத்துப் ‘பழக்கும்’ வீடுகளில் இந்தப் பயத்துக்கு நாமே உரம் போடுகிறோம்.

மூன்றாவது, இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஒரு குடும்பம் புழங்குகிறது. நாய்க்கு இஸ்தோப்பின் ஒரு மூலை. அதன்மேல் ஆள் மிதிக்கும், வாளி வைக்கப்படும், குழந்தை தடுக்கி விழும். உறங்கும்போது திடுக்கிட்டு எழுகிற எந்தப் பிராணியும் பல்லைக் காட்டும். வயதாகிக் காது மந்தமான நாயென்றால் சொல்லவே வேண்டாம்.

நான்காவது, சங்கிலி. ஒரு யார் நீளச் சங்கிலியில் பகல் முழுவதும் கட்டப்பட்ட நாய்க்கு ஓடவும் முடியாது, விலகவும் முடியாது. ஏணியில் ‘விலகி நடத்தல்’ என்ற படியை நாமே வெட்டி எறிந்துவிட்டோம். மிஞ்சியிருப்பது உறுமலும் கடியும்தான்.

ஐந்தாவது காரணத்தைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆயினும் சொல்லத்தான் வேண்டும். சம்பள நாளில் சாராய வாடையுடன் வரும் கால் உதைக்கும் என்று நாய் அறிந்து வைத்திருக்கிறது. காலைக்கும் மாலைக்கும் இடையில் மாறிப்போன ஒரு மனிதரைப் பார்த்து அது உறுமுகிறது. “எங்க அப்பா குடிச்சிட்டு வந்தா மட்டுந்தான் ஜிம்மி உறுமும் சார்” என்று ஒரு மாணவன் சொல்லக் கேட்டேன். அந்த வீட்டில் ஜிம்மிதான் துணிந்தது.

இத்தனை காரணங்களும் ஒரே சத்தமாகக் கேட்கின்றனவே, எப்படிப் பிரித்தறிவது என்று கேட்கலாம். அது அவ்வளவு கடினமல்ல. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் நாய்களின் உறுமலை ஒலிப்பதிவு செய்து 2010இல் ஒரு சோதனை நடத்தினார்கள். எலும்பைக் காத்து உறுமிய சத்தத்தைக் கேட்ட நாய்கள் எலும்பிலிருந்து விலகின. அந்நியரைக் கண்டு உறுமியதும் விளையாட்டில் உறுமியதும் அவ்வாறு விலக்கவில்லை. ஆக, உறுமலுக்குள் பொருள் பேதம் உண்டு. 2017இல் அதே குழுவினர் மனிதர்களுக்கு உறுமல்களைப் போட்டுக் காட்டினர். தற்செயலாகச் சரியாகக்கூடிய அளவைவிட மிக அதிகமாக, 63 வீதம் சரியாகச் சொன்னார்கள். பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாக. ஒலியை மட்டும் கேட்டே இவ்வளவு புரிகிறதென்றால், நாயையும் இடத்தையும் நேரத்தையும் கூடவே பார்க்கிற வீட்டாருக்கு எவ்வளவு புரிய வேண்டும்! கேட்கும் திறன் நமக்கு இருக்கிறது. கேட்க விருப்பம்தான் இல்லை.

இனி எதிர்வாதங்கள்.

“விசர் பிடித்த நாயாக இருந்தால்? உறுமலுக்குக் காரணம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்கிறீரா?” நியாயமான கேள்வி. இந்த நாட்டில் 1973இல் மட்டும் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியின் பயனாக அண்மைய ஆண்டுகளில் அது ஆண்டுக்குச் சுமார் இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த நோய் வெளிப்பட்ட பின் பிழைப்பவர் ஏறத்தாழ இல்லை. ஆகவே என் பதில் இது. காரணமின்றித் திடீரெனக் குணம் மாறி, விழுங்கச் சிரமப்பட்டு, எச்சில் ஒழுகி, கண்டதையெல்லாம் கடிக்கும் நாயிடம் யாரும் நெருங்க வேண்டாம். உடனே அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். நாயைப் பாதுகாப்பாகக் கட்டி வைத்துக் கவனியுங்கள். கடித்த நாய் பத்து நாட்கள் நலமாக இருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் நோய் இருக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்கிறது. எவ்வளவு நாள் என்பதை உங்கள் வைத்தியர் சொல்வார். ஆனால் ஊசியைத் தள்ளிப்போடுவதா இல்லையா என்பதையும் அவரே சொல்லட்டும், நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

அப்படியானால் நாயைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுபவர் செய்வது என்ன? குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரே சாட்சியத்தை அழிக்கிறார். அது உண்மையிலேயே விசர் நாயாக இருந்தால் அதை இன்னொரு ஊர்ப் பிள்ளைகளிடம் அனுப்பி வைக்கிறார். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறையை அரசு 2006இல் நிறுத்தியது. அதற்குப் பதிலாகத் தடுப்பூசியும் கருத்தடையும் என்றானது. அந்தக் கொள்கையைத் தெருநாய்களின் பெருக்கத்துக்குக் காரணம் என்று திட்டுவோர் உண்டு. தெருநாய்கள் வானத்திலிருந்து விழவில்லை ஐயா. சாக்குகளிலிருந்து விழுந்தன.

“சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கிறவர்களிடம் நாயின் மனோதத்துவம் பேசுகிறீரே, அவர்களுக்கு வேறு வேலை இல்லையா?” இது இரண்டாவது எதிர்வாதம். நான் சொல்லப்போகும் எதற்கும் பணம் வேண்டாம். உறுமினால் நில். பின்வாங்கு. பிள்ளையை அப்பால் அழைத்துப் போ. அடிக்காதே. பிறகு யோசி: எந்த நேரம், எந்த இடம், யார், எதைத் தொட்டபோது? ஒரு கொப்பியில் நாலு நாள் எழுதிப் பார், காரணம் தானாகத் தெரியும். சாப்பிடும்போது தொந்தரவு செய்யாதே. கடந்து போகும்போது சற்றுத் தூரத்திலிருந்து ஒரு துண்டுக் கருவாட்டை எறிந்துவிட்டுப் போ. மனிதர் வருவது பறிப்பதற்கல்ல, கொடுப்பதற்கு என்று அது கற்றுக்கொள்ளட்டும். உறங்கும் நாயைத் தொடாதே, பெயர் சொல்லி எழுப்பு. பிள்ளைகளை நாயின் கழுத்தைக் கட்டிப்பிடிக்க விடாதே. சங்கிலி அவசியமென்றால் நீளமாகக் கட்டு, நிழலும் நீரும் எட்டும்படி கட்டு. காதையும் பல்லையும் பாதத்தையும் பகல் வெளிச்சத்தில் பார், நோகிறதென்றால் கையை எடுத்துவிட்டு வைத்தியரிடம் காட்டு. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் நம்முடைய வீதியின் மறுமுனையில், பேராதனையில் இருக்கின்றன.

“நாம் பின்வாங்கினால் அது வென்றதாகாதா?” இது மூன்றாவது. நாய் போட்டிக்கு வரவில்லை. வலிக்கிறது என்று சொன்ன நோயாளியின் காலிலிருந்து கையை எடுக்கும் வைத்தியர் தோற்றுவிட்டாரா? உறுமலை மதிப்பது வேறு, உறுமலுக்கான காரணத்தை அப்படியே விட்டுவைப்பது வேறு. முன்னதைச் செய்யுங்கள், பின்னதைச் செய்யாதீர்கள். எல்லா நாயும் எல்லா வீட்டுக்கும் ஏற்றதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் செய்த பின்னரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைத்திருக்க முடியாத நாய்கள் உண்டு. அந்த முடிவை மிருக வைத்தியருடன் பேசி எடுக்க வேண்டும். ஆத்திரத்தில், இருட்டில், சாக்குடன் எடுக்கக் கூடாது.

புலம்பெயர்ந்த வாசகர்கள் ‘ஊரில்தானே இப்படி’ என்று புன்னகைக்க வேண்டாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உறுமும் நாய்க்கு மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டி மாட்டுவோர் நம்மவரிலும் உண்டு. பொத்தானை அழுத்தினால் உதை. கால் நோகாது, அவ்வளவுதான் வித்தியாசம். வேல்ஸ் அந்தப் பட்டியை 2010இலேயே தடை செய்தது. விலை கூடிய மூடத்தனமும் மூடத்தனமே. நம் நாட்டிலோ 1907ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டம் விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. அதன் பிறகு அது எத்தனை அமைச்சரவைகளின் மேசைகளில் உறங்கிற்று என்பதைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் எண்ணிப் பார்த்துச் சலித்திருக்கிறேன்.

கடைசியாக, இந்த ‘நன்றி’ என்ற சொல்.

நாலடியாரில் ஒரு புகழ்பெற்ற ஒப்பீடு இருக்கிறது. யானை பல காலம் பழகிய பாகனையே கொல்லும். நாயோ எசமான் எறிந்த வேல் உடலில் பாய்ந்திருக்கும்போதும் வாலை ஆட்டும். ஆகவே நாயனையாரின் நட்பைக் கொள்க என்பது அதன் கருத்து. நாயைப் புகழ்ந்த பாட்டு என்றே பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னார்கள். நட்பின் உறுதிக்கு உவமை என்ற அளவில் அது சரி. ஆனால் உவமையை நாம் விதியாக்கிவிட்டோம். வேலை எறிந்தவனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வேல் பாய்ந்தும் வாலாட்டுவதே நாயின் கடமை என்று தீர்மானித்துவிட்டு, ஆட்டாத நாயை நன்றி கெட்டது என்கிறோம். இதற்குப் பெயர் நன்றியல்ல, அடிமைச் சாசனம்.

மலையகத் தமிழனுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மனிதரையும் நாயையும் ஒப்பிடுவதாக யாரும் சினக்க வேண்டாம். நான் ஒப்பிடுவது கேட்பவரின் காதை. இதே ஹேவாஹெட்டை மலைகளில், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர்கள் நாட்கூலியில் சில சதங்கள் கூட்டிக் கேட்டார்கள். பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் இறந்தார். வேலை கொடுத்தோம், காம்பரா கொடுத்தோம், அரிசி கொடுத்தோம், எதிர்த்துப் பேசுகிறார்களே என்பதே அன்றைய துரைமாரின் மனநிலை. வலிக்கிறது என்று சொன்ன குரல் அவர்கள் காதில் நன்றிகேடாக விழுந்தது. எட்டாண்டுகளின் பின், 1948இல், குடியுரிமையே போயிற்று. ‘சோறு போட்ட கை’ என்ற வாதத்தின் முழு நீளத்தையும் தம் முதுகில் அளந்து பார்த்த சமூகம் நாம். அந்த வாதத்தை நம்முடைய இஸ்தோப்பில் படுத்திருக்கும் ஒரு வாயில்லாச் சீவனிடம் நாமே எடுத்து வீசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

‘வாயில்லாச் சீவன்’ என்று வழக்கம்போல் எழுதிவிட்டேன், ஆனால் அதுவும் பொருந்தாது. அதற்கு வாய் இருக்கிறது. அதைத்தான் இத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று மாலை உங்கள் வீட்டு நாய் உங்களைப் பார்த்து உறுமினால் காலைத் தூக்காதீர்கள். இரண்டடி பின்னே வைத்து, என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றால் அவளையும் கேளுங்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.